ட்ரெக் தமிழ்நாடு: அலுத்த உடம்புக்கு ஏற்ற பாதை எது?

வாரம் ஐந்து நாளும் நாற்காலியிலும் போக்குவரத்து நெரிசலிலும் கழித்துவிட்டு, சனிக்கிழமை காலை நேராக வெள்ளியங்கிரி மலையேற்றத்துக்குப் பதிவு செய்வதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ஏழு மலை ஏறி இறங்கப் பழகாத கால்களுக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். திங்கட்கிழமை அலுவலகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும். மன அழுத்தம் குறையத்தான் போகிறோம் என்றால், பாதையின் புகழைப் பார்க்காமல் நம் உடம்பின் நிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘ட்ரெக் தமிழ்நாடு’ என்பது தமிழக வனத்துறையின் இணையவழி மலையேற்றப் பதிவுச் சேவை, 2024 அக்டோபரில் தொடங்கியது. தொடக்கத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதம், கடினம் என மூன்று வகை. ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கட்டாயம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் எளிய பாதைகளில் பெற்றோருடன் மட்டுமே நடக்கலாம்.

கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் உண்மையான பொருள், கூட வரும் வழிகாட்டி. பெரும்பாலும் அந்தந்தக் காட்டை ஒட்டி வாழும் பழங்குடி இளைஞர்கள். புதரில் மூச்சுச் சீறல் கேட்டால் அது காட்டெருமையா கரடியா என்று நமக்குப் புரிவதற்குள் அவர்கள் குழுவை நிறுத்தியிருப்பார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அதன் பிறகுதான் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்பட்டதற்கும் தீக்காலமே காரணம். அந்த மாதங்களில் பதிவு கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். வேறு வழியாக நுழைந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவும் வேண்டாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் தேர்வு கோத்தகிரியின் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. சோலைக்குள் காலடி வைத்ததுமே வெயில் அறுந்துபோகும். தலைக்கு மேல் நெருங்கிய இலைக்கூரை, காலடியில் ஈரம் காயாத சருகு மெத்தை, மரப்பட்டையெல்லாம் பாசி. சருகும் வேரும் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுவதால்தான் சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. ஏற்றம் அதிகமில்லை, மூச்சு வாங்காமல் நடக்கலாம், நிற்கலாம், நீலகிரிச் சிரிப்பான் பறவையின் குரலைக் கேட்கலாம். நகரத்தின் இரைச்சல் காதிலிருந்து இறங்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். இங்கே அதற்கு நேரம் இருக்கிறது.

இங்கே இடைஞ்சல் என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி. மழை மாதங்களில் காலுறைக்கு மேலே ஏறி வரும். புகையிலைத் தூளை நீரில் ஊறவைத்துக் காலுறையில் தேய்த்துக்கொண்டால் ஓரளவு விலகும். உப்பும் உதவும், ஆனால் ஈரத்தில் கரைந்து ஓடிவிடும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். வாய்ப்பகுதிக்கு அடியில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்து நெம்பி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. ஜீன்ஸ் வேண்டாம்: நனைந்தால் கனக்கும், தொடையை அறுக்கும். அடிப்பாகம் தேய்ந்த பழைய ஷூ ஈரச்சருகில் நிச்சயம் வழுக்கும்.

சென்னைக்காரர்களுக்கு அருகில் இருப்பது பூண்டிப் பக்கத்தின் குடியம் குகைகள். கற்கால மனிதர் ஒதுங்கிய பாறைக்குடைவு என்பதாலேயே போக வேண்டிய இடம். ஆனால் சேவையின் வகைப்பாட்டில் எங்களுக்குக் குறை இருப்பது இங்கேதான்: எளிது, மிதம் என்ற சொற்கள் தூரத்தையும் ஏற்றத்தையும் சொல்கின்றன, வெயிலைச் சொல்வதில்லை. குடியம் பாதை முழுக்க முட்புதர்க்காடு, நிழல் அரிது. தரையில் உருண்டைக் கூழாங்கற்கள் கிடக்கின்றன. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் திரும்பும் வழியில், களைத்த பிறகு. டிசம்பர், ஜனவரி தவிர மற்ற மாதங்களில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீருக்குக் குறையக் கூடாது. லாங்வுட்டுக்கு 2 லிட்டர் போதும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குகையில் பெரிய தேன்கூடுகள் தொங்குகின்றன. வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் கூடாது.

கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போகும் பாதையை மூன்றாவது நான்காவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் சாலையே இல்லாமல் வாழ்ந்த ஊர் அது. இறக்கம்தானே என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். ஏற்றத்தில் திணறுவது மூச்சு. இறக்கத்தில் அடிபடுவது முழங்காலும் கால் நகமும். முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், ஷூவின் மேல்கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், முழங்காலைச் சற்று மடக்கியே வைத்து அடியைக் குறுக்கி இறங்குங்கள். ஒரு கைத்தடி பெரிய துணை.

சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதமோ புளிச்சோறோ எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப் போவது நல்லது. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். இடையில் கொறிக்கக் கடலைமிட்டாய். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு, எனவே எவர்சில்வர் பாட்டில்தான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைத்துவிட்டு வழிகாட்டியிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட்டு நடந்து, பாதி வழியில் உட்கார்ந்துவிடுபவர்களால் குழு முழுக்கத் தாமதமாகிறது.

இன்னொரு குறை, போய்ச்சேர்வது. நடை காலையிலேயே தொடங்கிவிடுகிறது, பல பாதைகளின் தொடக்கம் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு ‘ஒருநாள்’ நடை என்பது நடைமுறையில் ஓர் இரவையும் சேர்த்துத்தான். லாங்வுட் போகிறவர்கள் பதிவுப் பக்கத்தில் பேருந்து விவரத்தைத் தேடிக்கொண்டிராமல் முந்தின மாலையே கோத்தகிரி போய்த் தங்கிவிடுவது உத்தமம். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர்தான். சொந்த வண்டி, வாடகைக் கார் என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும். குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டிக் களைக்காமல் காட்டுக்குப் போய்ச் சேரலாம்.