6/4 மோட்டாரா, 8/6 மோட்டாரா?

ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டாரின் ரோட்டாரில் (சுழலும் பகுதி) காந்தமும் இல்லை, சுருளும் இல்லை. பல் வெட்டிய இரும்புத் தகடுகள்தான். சரி, எத்தனை பல்?

6/4 வகையில் ஸ்டேட்டரில் (அசையாத பகுதி) 6 பல், ரோட்டாரில் 4, மூன்று ஃபேஸ் (சேர்ந்தே மின்னோட்டம் பெறும் சுருள் தொகுதி). ஒரு சுற்றுக்கு 12 உந்தல், 30 டிகிரிக்கு ஒன்று. 8/6-இல் நான்கு ஃபேஸ், 24 உந்தல், 15 டிகிரி. உந்தல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் முறுக்குவிசை அவ்வளவாகத் துள்ளாது. எந்த நிலையில் நின்றாலும் கிளம்புவதும் எளிது.

8/6-இன் செலவு டிரைவில் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மின்னணுப் பெட்டி) தெரியும். ஃபேஸுக்கு இரண்டு ஸ்விட்ச் வைக்கும் வழக்கமான மின்சுற்றில் 6-க்குப் பதில் 8 ஸ்விட்ச் வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு ஃபேஸிலும் மின்னோட்டம் 6/4-இல் நொடிக்கு 400 முறை ஏறி இறங்கும், 8/6-இல் 600 முறை. இரும்பு இழப்பும் அதற்கேற்பக் கூடும்.

அதிவேகக் காற்று ஊதிக்கு (ப்ளோயர்) 6/4 போதும். மெதுவாக இழுக்கும் வண்டிக்கு நான் 8/6 பக்கம். இரைச்சலா? இரண்டுமே கத்தும்.