காம்பஸா, கைப்பேசியா, சூரியனா? பினாங்கு மலையில் வழி தவறினால் எதை நம்புவது

பினாங்குக் கொடிமலையிலிருந்து, தாவரவியல் பூங்கா இருக்கும் பூமலைப் பக்கம் இறங்கும் காட்டுப் பாதை ஒன்றில் நானும் மச்சானும் வழி தவறினோம். பாதை எங்கே போனாலும் பரவாயில்லை, காம்பஸ் இருக்கிறது, கிழக்கே போனால் ஊர் வந்துவிடும் என்று நான்தான் பெரிய ஆள் மாதிரி சொன்னேன். அரை மணி நேரம் நடந்தோம். இறங்க வேண்டியவர்கள் ஏறிக்கொண்டே இருந்தோம். நாலே முக்கால் மணிக்கு மரங்களுக்கு நடுவே ஒரு சந்து விழுந்தது, அதில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. மச்சான் நின்று என் கையிலிருந்த காம்பஸைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "மச்சான், சூரியன் என்றைக்கு கிழக்கே இறங்குச்சு?"

ஊசி தலைகீழாகத் திரும்பியிருந்தது. சிவப்பு முனை வடக்கைக் காட்டாமல் தெற்கைக் காட்டியது. காரணம் பிறகுதான் புரிந்தது: காந்தம் வைத்து மூடும் கைப்பேசி உறை ஒன்று வைத்திருந்தேன், அதே பைக்குள் ஒரு வாரமாகக் காம்பஸும் அதோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வலுவான காந்தம் பக்கத்தில் இருந்தால் ஊசியின் காந்த முனைகள் இடம் மாறிவிடும். நம்ப முடியாது, ஆனால் நடக்கும்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது காம்பஸ் மட்டும் இல்லை, கைப்பேசி மட்டும் என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் "எது சிறந்தது" என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரே வார்த்தையில் பதில் வராது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கைப்பேசியில் தொடங்குகிறேன், இன்றைக்கு எல்லோர் கையிலும் இருப்பது அதுதான். நம் ஆட்களிடம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: "லைன் இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது." செய்யும். ஜிபிஎஸ் என்பது வானத்திலிருக்கும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலைக் கைப்பேசி சும்மா வாங்கிக்கொள்வது, அதற்கு டேட்டா தேவையில்லை. தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். முந்தின இரவே வீட்டு வைஃபையில் மேப்ஸ்.மீ, ஓஸ்மாண்ட் மாதிரி வரைபடச் செயலி ஒன்றில் பினாங்குப் பகுதியை இறக்கி வைத்துக்கொண்டால் ஃப்ளைட் மோடில்கூட நீல வட்டம் உங்கள் இடத்தைக் காட்டும். லைன் இல்லாத இடத்தில் முதல் தடவை இடம் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம், அவ்வளவுதான். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும். அடர்ந்த காட்டுக்குள், அதுவும் மழையில் நனைந்த இலைகளுக்குக் கீழே, பள்ளத்தாக்கில், அந்த வட்டம் முப்பது நாற்பது மீட்டர் அங்கும் இங்கும் தாவும். பாதை பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அது சொல்லும், நீங்கள் பிரம்பு முள்ளுக்குள் கையைக் கிழித்துக்கொண்டு தேடுவீர்கள், பாதை இருக்காது. இருந்தாலும் "நான் எங்கே இருக்கிறேன்" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது இது ஒன்றுதான். காம்பஸ் அதைச் சொல்லவே சொல்லாது. இந்த வித்தியாசம் புரியாமல் காம்பஸ் வாங்குகிறவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் வாங்கினேன்.

கைப்பேசியின் பலவீனம் பேட்டரி. மேலே ஏறும்போது நாலு செல்ஃபி, ஒரு வீடியோ, வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு ஒரு படம் என்று போய், திரும்பும்போது பார்த்தால் ஒன்பது விழுக்காடு. லைன் கிடைக்காத இடத்தில் சிக்னல் தேடித் தேடியே அது இன்னும் வேகமாக இறங்கும். வியர்வையிலும் மழையிலும் ஈர விரல் திரையில் வேலை செய்யாதது தனிக் கதை.

கைப்பேசிக்குள்ளேயே ஒரு காம்பஸ் செயலி இருக்கிறதே என்பீர்கள். அதுவும் காந்தத்தை அளக்கும் ஒரு சின்னச் சில்லுதான். எட்டு போட்டுச் சுழற்றிச் சரிசெய்யாவிட்டால் தன் இஷ்டத்துக்குக் காட்டும். காந்த உறை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நான் அதை எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை.

இப்போது உண்மையான காம்பஸுக்கு வருவோம். நான் சொல்வது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தட்டின்மேல் சுழலும் வளையம் உள்ள வகை. சாவிக்கொத்தில் தொங்கும் பொம்மையை வாங்காதீர்கள். அப்புறம் ஒரு விஷயம்: ஐரோப்பாவுக்குச் செய்த காம்பஸ் இங்கே சரியாக ஓடாது. அங்கே பூமியின் காந்தப்புலம் ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும், அதைச் சமன்செய்ய மறுமுனையைக் கொஞ்சம் கனமாகச் செய்வார்கள். நம் ஊர் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்படி இழுப்பு இல்லை, அதனால் கனமான முனை தொங்கி அடியில் உரசும். ஊசி லேசாக நடுங்கிக்கொண்டே நிற்க வேண்டும். தட்டினால்தான் நகர்கிறது என்றால் அது உங்களுக்கான காம்பஸ் இல்லை. எல்லா வட்டாரத்துக்கும் பொருந்தும் ஊசி என்று போட்டு விற்கிறார்கள், விலை கூட என்றாலும் அதைத்தான் வாங்க வேண்டும்.

நமக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. வேறு சில நாடுகளில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் பத்து, பதினைந்து டிகிரி வித்தியாசம் வரும், கூட்டிக் கழித்துத்தான் நடக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் அது ஒரு டிகிரிக்கும் குறைவு. கணக்கே வேண்டாம்.

சரி, காம்பஸ் எதற்குத்தான் உதவும்? நேராக நடப்பதற்கு. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2009-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தார் ஆட்களைக் காட்டிலும் சஹாராவிலும் நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவர்கள் ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் காட்டில் நடந்தவர்கள் வட்டம் அடித்துத் தங்கள் பழைய தடத்தையே வெட்டிக்கொண்டு போனார்கள், தாங்கள் வட்டமடிப்பது அவர்களுக்கே தெரியவில்லை. நம் காட்டில் இலைக்கூரை மேலே மூடியிருப்பதால் தினமும் மேகம் மூடிய நாள்தான்.

நேராக நடக்க ஒரு முறை இருக்கிறது. காம்பஸை நெஞ்சுக்கு நேரே மட்டமாகப் பிடித்து, போக வேண்டிய திசையில் இருபது மீட்டர் தள்ளி ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பட்டை உரிந்த மரம், கிளை முறிந்த மரம் என்று ஏதாவது அடையாளத்தோடு. ஊசியைப் பார்க்காமல் அந்த மரத்துக்குப் போங்கள். அங்கே நின்று அடுத்த மரம். ஊசியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வேரில் தடுக்கி விழுவீர்கள், திசையும் தப்பும். விழுந்த மரத்தைச் சுற்ற வேண்டியிருந்தால் ஒரு முறை இடப்பக்கம், அடுத்த முறை வலப்பக்கம். ஒரு டிகிரி தப்பினால் ஒரு கிலோமீட்டரில் பதினேழு மீட்டர் விலகும். ஐந்து டிகிரி என்றால் கிட்டத்தட்ட தொண்ணூறு மீட்டர். ஒற்றையடிப் பாதையைத் தேடுகிறவருக்கு இது பெரிய பிழை, தார்ச்சாலையைத் தேடுகிறவருக்கு ஒன்றுமே இல்லை.

காம்பஸ் பினாங்கில் நன்றாக வேலை செய்வதற்கும் காரணம் அதுதான். தீவைச் சுற்றிக் கூட்டரசு சாலை 6 ஓடுகிறது. கொடிமலையின் கிழக்குச் சரிவில் தொலைந்தால் கிழக்கே பூமலை, தண்ணீர்மலைக் கோயில், ஆயர் ஈத்தாம் என்று ஏதோ ஒன்று வந்தே தீரும். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் வடக்கும் மேற்கும் கடல், வாசல் கிழக்கே. ஆனால் இதைக் காட்டுக்குள் நுழையும் முன்பே, வாசலில் நின்று, "தொலைந்தால் எந்தப் பக்கம்?" என்று கேட்டு முடிவு செய்திருக்க வேண்டும். தொலைந்த பிறகு காம்பஸை எடுத்தால் அது வடக்கைக் காட்டும், நல்லது, வடக்கு எதற்கு உங்களுக்கு?

கோலாலம்பூர்க்காரர்களுக்கு புக்கிட் தாபூர் மலைமுகட்டைச் சொல்கிறேன். வடக்கே கிள்ளான் கேட்ஸ் அணை நீர், தெற்கே தாமான் மெலாவாத்தி குடியிருப்பு. காம்பஸ் "தெற்கே போ" என்று சரியாகத்தான் சொல்லும். நடுவில் படிகக்கல் செங்குத்தாக இறங்குவது அதற்குத் தெரியாது. அங்கே வழி தப்பினால் வந்த தடத்திலேயே திரும்புவதைத் தவிர வேறு எதையும் நான் செய்ய மாட்டேன். புக்கிட் காசிங்கில் இந்தப் பேச்சே வேண்டாம், எந்தப் பக்கம் நடந்தாலும் யாரோ ஒருவர் வீட்டு வேலியில் போய் முட்டுவீர்கள்.

அடுத்தது, கைக்கடிகார வித்தை. மணிமுள்ளைச் சூரியனை நோக்கிப் பிடி, அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தெற்கு என்று பள்ளிச் சாரணர் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே அது சுத்தப் பொய். ஏன் என்றால், ஒன்று, 1982-லிருந்து நம் கடிகாரம் உண்மையான சூரிய நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது, பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்று இருபதுக்கு. இரண்டு, ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் மாதம் இந்த வித்தையை நம்பினால் நண்பகலில் வடக்கைத்தான் தெற்கு என்பீர்கள். துருவ நட்சத்திரமும் அப்படித்தான், இங்கே அடிவானத்துக்கு மேலே ஐந்து டிகிரிதான், புகைமூட்டத்திலும் மரத்திலும் மறைந்துவிடும். பாசி வடக்குப் பக்கம்தான் வளரும் என்பார்கள். நம் காட்டில் பாசி எல்லாப் பக்கமும் வளரும், கொஞ்சம் உட்கார்ந்தால் நம்மேலும் வளரும்.

ஆனால் சூரியனைத் தள்ளிவிடாதீர்கள். இங்கே அது செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக இறங்குவதால் காலை ஒன்பது வரை அது நிற்கும் பக்கம் கிழக்கு, மாலை ஐந்தரைக்குப் பிறகு மேற்கு, வருடம் முழுக்க முப்பது டிகிரிக்கு மேல் தப்பாது. கடிகாரமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். முப்பது டிகிரிப் பிழையோடு பாதை தேட முடியாதுதான், ஆனால் தலைகீழான காம்பஸைப் பிடித்துக் கொடுக்க அது போதும்.

ஓடையைப் பிடித்துக் கீழே போவது பற்றியும் கேட்பார்கள். தீவில் ஓடைகள் குட்டை, சீக்கிரம் ஊருக்கோ கடலுக்கோ போய்விடும் என்பது உண்மை. நடுவில் அருவி வரும், பாசி படிந்த பாறை வரும், மேலே மழை பெய்தால் மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர் வெள்ளம் வரும். தண்ணீருக்குள் இறங்காமல் கரையோரமாக, வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

பெருநிலத்துக் காடு வேறு ரகம். பினாங்குத் தீவு ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர்தான். தாமான் நெகாரா தேசியப் பூங்கா 4,343. அங்கே ஒரு திசையைப் பிடித்து நடந்தால் சாலை வரும் என்று யாரும் சொல்ல முடியாது. 1967 மார்ச் 26 அன்று கேமரன் மலையில் நடக்கப் போன ஜிம் தாம்சன், பட்டு வியாபாரத்தில் உலகப் பெயர் பெற்றவர், பெரும் தேடுதலுக்குப் பிறகும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் காட்டில் ஒரு மனிதனைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்பது இதிலிருந்தே தெரியும். அங்கே தொலைந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். 999-ஐ அழையுங்கள், கைப்பேசி காட்டும் இட எண்களைச் சொல்லுங்கள், விசிலை மும்மூன்றாக ஊதுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவருக்குத்தான் இந்த வழி உதவும்.

அன்றைக்கு நாங்கள் வந்து சேர்ந்த கதை இதுதான். மச்சானின் கைப்பேசியில் மிச்சமிருந்த ஒன்பது விழுக்காட்டில் பாதை எங்களுக்குத் தெற்கே இருநூறு மீட்டரில் இருப்பதைப் பார்த்தோம், உடனே அணைத்தோம். அப்புறம் காம்பஸின் கறுப்பு முனையை வடக்கு என்று வைத்துக்கொண்டு மரம் மரமாக நடந்தோம். இருநூறு மீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது, ஆளுக்கு நாலைந்து அட்டை. இருட்டுவதற்குள் கீழே வந்து தே தாரிக் குடித்தோம். இப்போது கழுத்தில் புதுக் காம்பஸ், பையின் மறுபக்கத்தில் ஃப்ளைட் மோடில் கைப்பேசி, கூடவே ஒரு பவர் பேங்க். காந்த உறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

பழைய காம்பஸ் மேசை டிராயரில் கிடந்தது. போன மாதம் மாமியார் வந்திருந்தபோது வாஸ்து பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்காமலே அதை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றியிருக்கிறார். நான் வேலையிலிருந்து வந்தபோது சாமி மேடை முழுக்க எதிர்ச் சுவருக்கு மாறியிருந்தது.