குழந்தைகளுக்கான ‘சத்தமில்லா’ கிளிப்பர் செட்: சத்தத்தை விடுங்கள், அதிர்வைப் பாருங்கள்

மோட்டார் ரீவைண்டிங் என் தொழில். புது மெஷின் எது வந்தாலும் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். முடி வெட்டும் இந்தக் கிளிப்பர் செட்டையும் அப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வாங்கியது எங்கள் சின்னவனுக்காக. ஏழு வயது. சட்டைக் காலரில் லேபிள் இருந்தால் போடமாட்டான். மிக்சி ஓடினால் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். முடிவெட்டு அவனுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் இருக்கும் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இதே மெஷின் வேறு வேறு பெயர்களில், வேறு வேறு நிறங்களில் கிடைக்கிறது. சார்ஜில் ஓடும் கிளிப்பர், 3, 6, 9, 12 மில்லிமீட்டர் சீப்புகள், மேலே போர்த்தும் துணி, காது மூடி, சின்ன எண்ணெய்க் குப்பி, ஒரு பிரஷ். அவ்வளவுதான் செட்.

முதலில் அந்த டெசிபல் கதை. ‘50 டெசிபலுக்குக் கீழ்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்று போடவில்லை. சின்னப் பொருளிலிருந்து வரும் சத்தம், தூரம் பாதியாகக் குறையும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டர் தள்ளி 50 என்றால் அரை மீட்டரில் 56, கால் மீட்டரில் 62. கிருதாவை எடுக்கும்போது மெஷின் காதுக்கு ஆறு சென்டிமீட்டர் பக்கத்தில் வந்துவிடும். அங்கே கணக்குப்படி 74. பத்து டெசிபல் கூடினாலே நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கானதுபோல் இருக்கும். அதனால் அந்த எண்ணை நம்பி இதை வாங்க வேண்டாம்.

வாங்க வேறு காரணம் இருக்கிறது. பிளக்கில் செருகி ஓட்டும் பழைய கிளிப்பர்கள் பலவற்றில் சுழலும் மோட்டாரே கிடையாது. ஒரு கம்பிச்சுருள் (coil), ஓர் இரும்புக் கை, ஒரு ஸ்பிரிங். சுருள் அந்தக் கையை இழுக்கும், ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இது நொடிக்கு 100 முறை நடக்கும். சுவிட்சைப் போட்டதும் ‘டக்’ என்று ஒரு அடி கேட்கிறதே, அது அந்தக் கை முதலில் இழுபடும் சத்தம். கை ஆடினால் கைப்பிடி ஆடும், கைப்பிடி ஆடினால் தலையும் சேர்ந்து அதிரும். சத்தம் நம் காதுக்குள் போகக் காற்று மட்டும் வழியில்லை, மண்டை எலும்பும் ஒரு வழி. சின்னவனுக்குப் பெரிய தொல்லை இந்த இரண்டாவது வழியாகத்தான் வந்தது என்பது என் தீர்மானம். மெஷினை அவன் தோளருகே ஓடவிட்டால் முகம் சுளிப்பான், தலையில் வைத்தால்தான் அலறுவான்.

இந்தச் செட்டில் இருப்பது சுழலும் சின்ன டி.சி. மோட்டார். அதன் தண்டின் நுனியில் மையத்திலிருந்து சற்று விலகி ஒரு பின் இருக்கிறது, அது சுற்றச் சுற்ற பிளேடு இடமும் வலமும் போய் வருகிறது. ஆடுகிற எடை ரொம்பக் குறைவு. தொடங்கும்போது ‘டக்’ இல்லை. மோட்டாரைச் சுற்றி ரப்பர் உறை போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் செய்தவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. இரண்டு மெஷினையும் என் கன்ன எலும்பில் வைத்துப் பார்த்தேன். பழையது பல் வரைக்கும் இறங்கியது. இது தோலோடு நின்றுவிட்டது. நீங்களும் கடையில் இப்படிச் சோதித்துப் பாருங்கள், பெட்டியில் இருக்கும் எந்த எண்ணைவிடவும் இது நம்பகமானது.

இதே காரணத்தால்தான் செட்டோடு வரும் காது மூடி வீண். உங்கள் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். குரல் குறையாது, கூடும். காதை அடைத்தால் வெளிச்சத்தம்தான் குறையும், எலும்பு வழியாக வரும் தாழ்ந்த ஒலி இன்னும் பலமாகக் கேட்கும். போதாததற்கு, காதோர முடியை எடுக்க வேண்டுமென்றால் மூடியைக் கழற்றியே ஆக வேண்டும். அது இப்போது அவன் விளையாட்டுச் சாமானோடு கிடக்கிறது. சில குழந்தைகளுக்கு அது தைரியம் தரலாம், மறுக்கவில்லை.

போர்த்தும் துணி நல்ல மென்மை. ஆனால் கழுத்தில் வெல்க்ரோ. அதைப் பிரிக்கும்போது வரும் ‘கர்ர்’ சத்தத்துக்கு, வெட்டி முடித்து நிம்மதியாக இருந்தவன் துள்ளி எழுந்தான். குழந்தைகளுக்கென்று விற்கிறவர்கள் ஒரு பட்டன் வைத்திருக்கலாம். இப்போது துணியையே போர்த்துவதில்லை. பழைய பனியனோடு உட்காருவான், முடிந்ததும் நேராகக் குளியல். குட்டி முடிகளின் வெட்டுமுனை கூராக இருக்கும், அது கழுத்தில் குத்துவது அவனுக்கு வெட்டுவதைவிடப் பெரிய எரிச்சல்.

“இது வெறும் அடம், ரெண்டு போடு போட்டால் சரியாகும்” என்று சொல்ல உறவில் ஆள் உண்டு. அவர்களுக்காக ஒரு பத்தி. லேசான தொடுதல் சில குழந்தைகளுக்கு ஆபத்துபோல் உறைக்கும் என்பதை அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஜீன் அயர்ஸ் 1970களிலேயே விரிவாக எழுதிவிட்டார். மனநல மருத்துவர்கள் பிரச்சினையைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டில் புலன்களின் மிகையான எதிர்வினையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. ஆட்டிசம் இல்லாத குழந்தைகளிடமும் இது உண்டு. முடிக்கு உணர்ச்சி இல்லை, சரி. ஆனால் ஒவ்வொரு முடியின் வேரையும் சுற்றி நரம்பு நுனிகள் இருக்கின்றன. ஒற்றை முடி அசைந்தாலும் அவை சொல்லிவிடும்.

லேசான தொடுதல்தான் சிக்கல் என்பதால் மெஷினைப் பட்டும் படாமல் பிடிக்கக் கூடாது. இதை எங்களுக்குச் சொன்னது சின்னவனின் தெரபிஸ்ட். தலையை ஒரு கையால் அழுத்தமாகப் பிடித்து, சீப்பைத் தோலோடு ஒட்டி, நிதானமாக ஒரே இழுப்பு. உட்காரும் முன் தோளையும் உச்சந்தலையையும் உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிடுகிறோம். வாங்கிய புதிதில் பிளேடைக் கழற்றிவிட்டு வெறும் மெஷினை அவனிடமே கொடுத்தோம். முழங்காலில் வைத்தான், உள்ளங்கையில் வைத்தான், அவன் அம்மாவின் முழங்கையில் வைத்துச் சிரித்தான். அவனாகத் தலைக்குக் கொண்டுபோகும்வரை நாங்கள் வாயே திறக்கவில்லை. கிளிப்பர் கையடக்கமாகவும் எடை குறைவாகவும் இருந்ததால்தான் இது முடிந்தது, பழைய மெஷினை அவனால் தூக்கிப் பிடிக்கவே முடியாது.

தலையைக் கீழே குனியச் சொன்னால் இன்னும் பயப்படுகிறான். தலை சாயும்போது உள்காதின் சமநிலை உணர்வும் கலங்குகிறதாம். அதனால் பிடரிக்கு வரும்போது அவன் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுவேன். இடுப்பு வலி எனக்கு. “அப்பா, பத்து எண்ணு” என்பான். பத்து எண்ணி நிறுத்திவிட வேண்டும், பாதி வரிசை மிச்சமிருந்தாலும் சரி. ஏமாற்றிப் பதினொன்றாக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கிளிப்பர் நம் வீட்டிலேயே இருப்பதன் பெரிய சௌகரியம், பாதித் தலையோடு நிறுத்த முடிவது. மீதியை நாளை பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மட்டத்தில் முடியோடு பள்ளிக்குப் போயிருக்கிறான். யாராவது கேட்டால் “இன்னும் முடியலை” என்கிறான், அதுவும் உண்மைதானே.

குறைகளும் உண்டு. 3 மில்லிமீட்டர் சீப்பின் ஒரு பல் சீக்கிரமே உடைந்தது. சார்ஜ் தீரும் நேரத்தில் மோட்டார் தளர்ந்து, முடியை வெட்டாமல் இழுக்கிறது. ஒரே ஒரு இழுப்பு போதும், அன்றைய நம்பிக்கை போய்விடும். அதனால் முழு சார்ஜ் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் பிளேடில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், எண்ணெய் காய்ந்தால் சத்தமும் கூடும், சூடும் ஏறும். மேல் பிளேடு செராமிக், அதனால் சூடு குறைவுதான், ஆனாலும் நடுவில் ஒருமுறை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். முடியை உறிஞ்சும் வசதியோடு இன்னொரு மாடல் இருக்கிறது. முடி சிதறாது என்பது நல்லதுதான், ஆனால் உறிஞ்சும் விசிறி தனியாக இரையும். சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்கு அது வேண்டாம்.

பெரிய குறை பிளேடு. மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான், ஆனால் எனக்கு விற்றவரிடம் தனியாக பிளேடு இல்லை, முழுச் செட்டையும் இன்னொரு தடவை வாங்கச் சொன்னார். அளவெடுத்து வேறொரு மாடலின் பிளேடை ராவிப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், எல்லோராலும் அது முடியாது. உதிரி பிளேடு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள், கிடைத்தால் செட்டோடு சேர்த்தே ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.