காப்பர் டி 380ஏ: நல்ல சாதனம்தான், நூலை மட்டும் மறக்காதீர்கள்

பத்து வருடத்துக்குக் கருத்தடை வேண்டும், மாத்திரை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்பவர்களுக்கு, கருப்பைக்குள் வைக்கும் T வடிவச் செம்புச் சாதனமான காப்பர் டி 380ஏ-வைத் தாராளமாகச் சொல்லலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஹார்மோன் கிடையாது, பால் கொடுப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடும். பெரும்பாலும் தானே குறைந்துவிடும்.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது, அபூர்வமாக வரும் ஒரு சிக்கலை. ஆயிரம் பேருக்குப் போட்டால் ஒன்றிரண்டு பேருக்குக் கருப்பைச் சுவர் துளைபடுகிறது. கருப்பைக்கு முன்னால் ஒட்டினாற்போல் இருப்பது சிறுநீர்ப்பை. அதனால் வெகு சிலருக்கு டி அதற்குள்ளேயே போய்விடுகிறது. பிரசவமாகிச் சில மாதங்களில், தாய்ப்பால் கொடுக்கும்போது போட்டால் துளைபடும் வாய்ப்பு அதிகம். கருப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கையால் பார்க்காமல், ஆழம் அளக்காமல் போட்டாலும் அப்படித்தான். போடுபவர் டியை உள்ளே தள்ளக் கூடாது. போடும் கருவியின் உள்குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளிக்குழாயைப் பின்னால் இழுக்க வேண்டும்.

சிறுநீரில் ஊறிக் கிடக்கும் டியின் மேல் உப்பு படிந்து படிந்து கல்லாகிறது. டியின் பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் வெளேரென்று தெரியும். தண்டு 36 மில்லிமீட்டர், அதைச் சுற்றி முட்டை மாதிரிக் கல். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த எக்ஸ்ரே எடுக்கவே சிலருக்கு வருடக்கணக்காகிவிடுகிறது. நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர், சில நேரம் ரத்தம் என்று போனால் ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். நின்று, மறுபடி வருகிறது. காப்பர் டி போட்டவருக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால், டி எங்கே இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

டியின் அடியிலிருந்து கருப்பை வாய் வழியாகத் தொங்கும் நூல் தட்டுப்படவில்லையா? "தானா விழுந்திருக்கும்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். விழுந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே விழுந்தது. அதுவரை வேறு கருத்தடை வேண்டும். முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். கருப்பையில் இல்லையென்றால் வயிறு முழுவதும், இடுப்பு வரை தெரிகிற மாதிரி எக்ஸ்ரே. பழைய டியைத் தேடாமலே இரண்டாவது டி போட்ட சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

சிறுநீர்ப்பைக்குள் முழுதாக இருந்தால், சிறுநீர்த் துவாரம் வழியாகவே சிஸ்டோஸ்கோப் (உள்ளே பார்க்கும் மெல்லிய குழாய்) விட்டு, கல்லை உடைத்து, டியை இடுக்கியால் பிடித்து எடுத்துவிடலாம். வயிற்றில் தையல் இல்லை. பாதி சுவருக்குள் மாட்டியிருந்தால் லேப்ராஸ்கோப்பியோ (சிறு துளை வழி அறுவை) திறந்த அறுவையோ தேவைப்படலாம். அதன்பின் தையல் ஆறும்வரை சில நாள் சிறுநீர்க் குழாய் இருக்கும். எடுத்ததும் தண்டு, இரண்டு கை, நூல் எல்லாம் முழுதாக வந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விட்டுப்போன துண்டின் மேல் மறுபடி கல் கட்டும்.

போட்ட தேதியும் டியின் வகையும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, வீட்டில் பத்திரமாக வையுங்கள். முதல் மாதவிடாய் முடிந்ததும் ஒரு தடவை போய் நூலைக் காட்டிவிட்டு வாருங்கள்.