பையன்களுக்கு வாசித்துக் காட்ட ‘வியாசர் விருந்து’

எட்டு, ஒன்பது வயதுப் பையனுக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் ராஜாஜி மகாபாரதத்தைக் கதைகதையாகச் சொல்லும் ‘வியாசர் விருந்து’தான் சொல்கிறேன். கல்கி பத்திரிகையில் தொடராக வந்தது, அதனால் அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, தூங்கும் முன் ஒன்றிரண்டு வாசித்துவிடலாம்.

பையன்கள் முதலில் தேடுவது பீமனின் கதையையும் அர்ஜுனனின் வில்லையும்தான், சண்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் இதைப் பிடித்துக்கொண்டிருப்பது உத்தரனுக்காக. விராட நாட்டு இளவரசன், நல்ல சாரதி கிடைத்தால் கௌரவர் படையைத் தனியாளாகவே விரட்டிவிடுவேன் என்று அந்தப்புரத்துப் பெண்கள் முன்னால் வீரம் பேசிவிட்டுக் கிளம்புகிறான், படையைக் கண்ணால் பார்த்ததும் கைகால் நடுங்கி, தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பெண் வேடத்தில் அவனுக்குச் சாரதியாக வந்து, பின்னல் பறக்கப் பின்னாலேயே ஓடிப் பிடிப்பவன் அர்ஜுனன். பயப்படாதே, நான் சண்டை போடுகிறேன், நீ தேரை ஓட்டு என்கிறான். உத்தரனும் ஓட்டுகிறான்! பயந்த பிள்ளையைப் பார்த்து ‘நீயெல்லாம் ஆம்பளையா’ என்று கேட்கிற ஊரில் இந்தக் கதை பையன்கள் காதில் விழுந்தே ஆக வேண்டும்.

அப்புறம் நச்சுப்பொய்கை. அந்தத் தண்ணீரைக் குடித்துத் தம்பிகள் நால்வரும் செத்துக் கிடக்க, ஒருவனை மட்டும் பிழைக்க வைக்கிறேன் என்று யட்சன் சொல்ல, தருமபுத்திரன் நகுலனைக் கேட்கிறான். “ஏன்ப்பா, பீமனைக் கேட்டிருக்கலாம்ல, சண்டை வரப்போகுதே!” என்று என் மகனுக்குக் கோபம். குந்தியின் பிள்ளைகளில் நான் இருக்கிறேன், நகுலனைப் பெற்ற மாத்ரிக்கும் ஒரு பிள்ளை வேண்டாமா என்ற பதில் அவனுக்குப் போதவில்லை, மறுநாள் பல் தேய்க்கும்போதும் அதே வாதம். அதே தருமபுத்திரன் துரோணரிடம் பொய் சொன்னதையும், அதுவரை மண்ணைத் தொடாமல் ஓடிய அவன் தேர் தரையில் இறங்கிவிடுவதையும் ராஜாஜி மறைக்கவில்லை.

குறை உண்டு. வடமொழிச் சொற்கள் அதிகம், நான் வாங்கிய பதிப்பில் படமும் கிடையாது, பிள்ளை தானாக எடுத்துப் படிக்காது. பெரியவர்கள்தான் வாசிக்க வேண்டும், முடிந்தால் அப்பா.

திரௌபதியைச் சபைக்கு இழுத்து வரும் பகுதியைச் சின்னப் பிள்ளை என்று தாண்டிவிடாதீர்கள். பீஷ்மரும் துரோணரும் இருக்கிற சபையில் அவளுக்காக எழுந்து நியாயம் பேசுகிற விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. கேள்விகள் நிறைய வரும், மறுநாள் பள்ளி இல்லாத இரவாகப் பார்த்து வாசியுங்கள்.