ஸ்கேன்எஃப்பா, எஃப்கெட்ஸா: உள்ளீடு தவறினால் எது சொல்லும்?

சி மொழியில் முதல் நிரலிலேயே, பயனர் தட்டுவதைப் படிக்கும் ஸ்கேன்எஃப் (scanf) வந்துவிடுகிறது. ஆனால் அது திருப்பித் தரும் மதிப்பைப் பல பாடங்கள் சொல்லாமலே கடந்துவிடுகின்றன. எனக்கு இதில்தான் வருத்தம்.

எத்தனை மாறிகளில் மதிப்பு ஏறியது என்பதுதான் ஸ்கேன்எஃப் தரும் எண். இரண்டு எண்கள் கேட்டு 1 வந்தால், இரண்டாவது மாறியில் பழைய குப்பைதான் கிடக்கும். எதையும் படிக்கும் முன்பே உள்ளீடு தீர்ந்துவிட்டால், 'உள்ளீடு முடிந்தது' என்று காட்டும் இஓஎஃப் (EOF) வரும். பலரும் 'இஓஎஃப் வரும்வரை சுற்று' என்று லூப் எழுதுகிறார்கள். எண் கேட்ட இடத்தில் பயனர் ஓர் எழுத்தைத் தட்டினால் கிடைப்பது 0. அந்த எழுத்தும் நகராமல் அங்கேயே நிற்கும். அடுத்த சுற்றிலும் அதே எழுத்து, அதே 0. லூப் முடியவே முடியாது. ஆகவே எதிர்பார்க்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள், இஓஎஃப்போடு அல்ல.

சரி, அப்படிச் சோதித்தால் போதுமா? போதாது. இன்ட் (int) என்ற முழு எண் வகையில் அடங்காத பெரிய எண் வந்தால் என்ன நடக்கும் என்று சி தரநிலை வரையறுக்கவே இல்லை. திரும்பும் மதிப்பை நம்பி அதைப் பிடிக்க முடியாது.

எஃப்கெட்ஸ் (fgets) ஒரு வரியைப் படிக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் NULL என்ற வெற்றுச் சுட்டியைத் தரும். படித்ததை வைக்கும் இடையகத்தின் (buffer) அளவை நாமே கொடுப்பதால் அது நிரம்பி வழியாது. வரியின் கடைசியில் நியூலைன் இல்லையென்றால், வரி நீளமாகி மிச்சம் உள்ளேயே இருக்கலாம். அதையும் பார்க்க வேண்டும். (அளவே கேட்காத கெட்ஸ் (gets) 2011 தரநிலையில் நீக்கப்பட்டது. 1988-இல் மோரிஸ் வார்ம் என்ற தானே பரவும் நிரல், ஃபிங்கர் சேவைக்குள் நுழைந்ததே அதன் வழியாகத்தான்.)

படித்த வரியை எண்ணாக்க ஏடிஓஐ (atoi) வேண்டாம். 'Abc' என்ற குப்பைக்கும் உண்மையான பூஜ்யத்துக்கும் அது 0-தான் தரும். ஸ்ட்ர்டோல் (strtol), எண்ணைப் படிக்கையில் வரியின் எந்த இடத்தில் நின்றது என்று காட்டும். பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோவை (errno) முன்கூட்டியே 0 ஆக்கிவிட்டால், எண் லாங் (long) வகையின் எல்லையை மீறியதும் தெரியும். நாலு வரி கூடுதல்தான். மனிதர் தட்டச்சு செய்யும் எதற்கும் நான் இந்த எஃப்கெட்ஸ்-ஸ்ட்ர்டோல் ஜோடியையே எடுப்பேன். வடிவம் உறுதியாகத் தெரிந்த போட்டிக் கணக்குகளுக்கு ஸ்கேன்எஃப் போதும்.

அப்புறம், உபுண்டுவில் ஜிசிசி (gcc) கம்பைலரை ஓ2 (-O2) என்ற மேம்படுத்தல் நிலையில் ஓட்டினால், ஸ்கேன்எஃப்பின் மதிப்பைக் கண்டுகொள்ளாத இடங்களுக்கு எச்சரிக்கை வரும். மதிப்பு வேண்டாம் என்று காட்ட முன்னால் (void) என்று போட்டாலும் ஜிசிசி அதை நிறுத்தாது. அந்த இடத்தில் ஓர் இஃப் எழுதிவிடுங்கள்.