ஸ்லாப்பில் போட்ட விக்டோரியா பென்னிகள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பிரிட்டிஷ் நாணயம் சேகரிக்க ஆரம்பிப்பவர்கள் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு நிறுவனம் தரம் பார்த்து (கிரேடிங்), லேபிள் போட்டு, ஸ்லாப் என்கிற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்ததை வாங்குவதா, அப்படி அடைக்காத, கையில் எடுத்துப் பார்க்க முடிகிற ரா காசை வாங்குவதா? நான் இரண்டையும் பத்து வருடத்துக்கு மேலாக வாங்கி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெண்கலப் பென்னிகள், கொஞ்சம் வெள்ளி. அமெரிக்க கிரேடிங் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி, பிரிட்டனின் சிஜிஎஸ் மூன்றின் ஸ்லாப்களும் என்னிடம் உண்டு. பதில் காசுக்குக் காசு மாறும். எந்தக் காசுக்கு எந்தப் பதில் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரே வருடத்துப் பென்னிகளிலும், அடித்த அச்சு வேறு என்பதால் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும்; சில வகை அரிது. இத்தனை அச்சு வேறுபாடு எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1860-இல் பிரிட்டன் கனமான செம்புப் பென்னியை விட்டுவிட்டு வெண்கலத்துக்கு மாறியது. செம்பு 95%, வெள்ளீயம் 4%, துத்தநாகம் 1%. எடை 9.45 கிராம். கொண்டை போட்ட விக்டோரியாவின் தலையைச் செதுக்கியவர் லியனர்ட் சார்லஸ் வையன். ஆரம்பத்தில் காசின் ஓரத்தில் மணி கோத்ததுபோல் வட்டப் புள்ளிகள் இருந்தன. அதே வருடத்திலேயே பல்வரிசை ஓரத்துக்கு மாறினார்கள். மாறுகிற வேளையில் ஒரு பக்கம் மணி ஓரமும் மறுபக்கம் பல் ஓரமுமாக ஜோடி சேர்ந்து சில காசுகள் வெளியே வந்துவிட்டன. வையனின் கையெழுத்து சிலவற்றில் ராணியின் தோளில் இருக்கும், சிலவற்றில் தோளுக்குக் கீழே இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அச்சில் தேய்ந்த எழுத்துகளைக் கையாலேயே மறுபடி குத்தினார்கள். பழைய வருடத்து அச்சின் மேல் புது எண்ணைக் குத்தி ஓட்டினார்கள். 1865-இன் 5-க்கு அடியில் 3 எட்டிப் பார்க்கிற காசு அப்படி வந்ததுதான்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் மைக்கேல் ஃப்ரீமன். தலைப்பக்க அச்சுகளுக்கு எண், பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம்) இருக்கும் பின்பக்க அச்சுகளுக்கு எழுத்து என்று வைத்து, எது எதோடு ஜோடி சேர்ந்தது என்று ஒவ்வொரு ஜோடிக்கும் எண் கொடுத்துப் பட்டியல் போட்டார். பென்னிக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இன்றும் ஃப்ரீமன் எண்ணில்தான் பேச்சு நடக்கும்.

ஸ்லாப்பின் பலமும் பலவீனமும் இங்கேதான் பிரிகின்றன. கிரேடிங் நிறுவனம் முக்கியமாக இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: காசு அசல்தானா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது. அச்சு வேறுபாடு தேய்மானத்தைச் சார்ந்தது அல்ல. 1895 பென்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம்தான் தாமஸ் பிராக் செதுக்கிய முக்காடிட்ட தலை வந்தது. பிரிட்டானியாவின் இரு பக்கமும் இருந்த கலங்கரை விளக்கமும் கப்பலும் போய்விட்டன. பிரிட்டானியா பிடித்திருக்கும் திரிசூலத்தின் நுனிக்கும் PENNY என்பதன் முதல் எழுத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி சாதாரணக் காசில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அரிய வகையில் 2 மில்லிமீட்டர். அரை நூற்றாண்டு புழங்கித் தேய்ந்து, பிரிட்டானியாவின் முகமே வழவழப்பாகிப் போன காசிலும் அந்த இடைவெளி அப்படியே நிற்கும். நுனியிலிருந்து எழுத்துவரை வெறும் தளம்தான் இருக்கிறது. அது எங்கே தேயப்போகிறது? பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பும் (சின்ன பூதக்கண்ணாடி) பக்கத்தில் ஒரு சாதாரண 1895-ம் இருந்தால் போதும், சந்தேகத்துக்கு இடமே இல்லை. இப்படிப்பட்ட காசுக்கு ஸ்லாப் எதற்கு? என்னுடைய 2 மில்லிமீட்டர் காசு இன்றைக்கும் காகித உறையில்தான் இருக்கிறது.

1882 பென்னி நேர் எதிர். அந்த வருடம் பிரிட்டனின் நாணயச்சாலையான ராயல் மின்ட்டில் இயந்திரங்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததால் பென்னி அடிக்கும் வேலை பர்மிங்காமின் ரால்ஃப் ஹீட்டன் நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் அடித்ததற்கு அடையாளமாக ஆண்டுக்குக் கீழே ஒரு சின்ன 'எச்'. அந்த எச் இல்லாத 1882 மிகமிக அரிது. எச்-ஐச் சுரண்டி எடுத்துவிட்டால் சாதாரணக் காசு அரிய காசாகிவிடும் என்பது சுரண்டுகிறவனுக்கும் தெரியும். காசைச் சாய்த்து, ஓரத்திலிருந்து விளக்கு விழும்படி வைத்துப் பாருங்கள். சுரண்டியிருந்தால் ஆண்டுக்குக் கீழே உள்ள தளத்தில் சின்னக் குழி தெரியும், அல்லது சுற்றிலும் உள்ள பழுப்பு நிறத்தோடு ஒட்டாத ஒரு வெளிறிய திட்டு தெரியும். நன்றாகச் செய்தவன் அதற்கும் செயற்கையாக நிறம் ஏற்றியிருப்பான். தேய்ந்த காசாக இருந்தால் இன்னும் சிக்கல்: எச் இயல்பாகவே தேய்ந்து மறைந்ததா, எடுக்கப்பட்டதா என்று பிரிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். இந்தக் காசை ஸ்லாப் இல்லாமல் யாராவது நீட்டினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

என் கணக்கு இவ்வளவுதான். இருக்கிற ஒன்றால் அரிதாகும் காசைக் கண்ணை நம்பி வாங்கலாம். இல்லாத ஒன்றால் அரிதாகும் காசையும், முழுசாகவே போலி அடிக்கப்படும் காசையும் ஸ்லாப்பில்தான் வாங்க வேண்டும். முழுசாகப் போலி அடிக்கப்படும் ரகத்துக்கு 1905 அரை கிரவுன் என்ற வெள்ளிக் காசு நல்ல உதாரணம். மொத்தம் 1,66,008 தான் அடித்தார்கள். எட்வர்ட் வெள்ளி சேகரிப்பவர் எல்லோருக்கும் வேண்டும். அதனால் போலியும் நிறைய. 14.14 கிராம் எடை சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிட முடியாது.

இன்னொரு காசையும் சொல்லாமல் விட மனசில்லை. ஐந்தாம் ஜார்ஜ் பென்னிகளைக் கவனித்திருப்பீர்கள்: பிரிட்டானியா பக்கத்தில் ராஜாவின் தலை வடிவம் மங்கலாக, ஆவி மாதிரி தெரியும். தலை பெரியதாகவும் ஆழமாகவும் செதுக்கப்பட்டிருந்ததால் அடிக்கும்போது உலோகம் அந்தப் பக்கமே இழுபட்டு, எதிர்ப்பக்கம் நிரம்பாமல் போனது. இதைச் சரிசெய்யத் தலையைத் திருத்தினார்கள். 1926-இல் பழைய தலையும் உண்டு, திருத்திய தலையும் உண்டு; திருத்தியதுதான் அரிது. கழுத்து வெட்டில், தலையைச் செதுக்கிய பெர்ட்ரம் மெக்கென்னலின் முதலெழுத்துகளைப் பாருங்கள். பழையதில் பி, எம் இரண்டுக்கும் பக்கத்தில் புள்ளி இருக்கும். திருத்தியதில் புள்ளி இல்லை. அதுவும் 'இல்லாத ஒன்று'தானே என்று கேட்கலாம். ஆனால் இங்கே தலையே வேறு. சாதாரண 1926-ஐப் பக்கத்தில் வைத்து அளந்தால் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்; சுரண்டி அதைக் கொண்டுவர முடியாது.

லேபிளில் அச்சு வகை இருக்கும் என்று எதிர்பார்த்து அனுப்பாதீர்கள். பல நிறுவனங்களில் அதற்குத் தனியாக விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும், தனிக் கட்டணமும் உண்டு. நான் ஒரு நிறுவனத்துக்கு அச்சு வகையைக் குறித்து, கட்டணமும் கட்டி அனுப்பிய ஒரு 1861, வெறும் '1861 பென்னி' என்று மட்டும் எழுதித் திரும்பி வந்தது. எழுதிக் கேட்டதற்கு மறுபடி அனுப்பச் சொன்னார்கள், அஞ்சல் செலவு என்னுடையது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. இதே குறை வாங்குகிறவர்களுக்கு நன்மையாகவும் அமையும். லேபிளில் வகை எழுதாமல் சாதாரண விலைக்குப் போகும் ஸ்லாப்கள் ஏலங்களில் தொடர்ந்து வருகின்றன. படத்தைப் பெரிதாக்கி ஃப்ரீமன் அடையாளங்களைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு அதுதான் வேட்டைக்காடு. எதிர்த்திசையிலும் தவறு நடக்கும்: 2 மில்லிமீட்டர் என்று லேபிள் ஒட்டிய சாதாரண 1895-ஐயும் பார்த்திருக்கிறேன். அதனால் லேபிளை வாசிக்கும் முன் காசை வாசியுங்கள்.

கிரேடு எண்களைப் பற்றி. அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் 70 புள்ளி அளவைப் பயன்படுத்துகின்றன. அது 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பெரிய செம்பு சென்ட்களுக்காக வகுத்தது. சிஜிஎஸ்ஸின் அளவு 100 புள்ளி. யார்க் குதிரைப்பந்தய மைதானத்தில் நடக்கும் நாணயச் சந்தையிலோ, பர்மிங்காம் பக்கத்து மோட்டார்சைக்கிள் மியூசியத்துச் சந்தையிலோ மேசை போட்டிருப்பவர்களிடம் இந்த எண்களைச் சொன்னால் பலர் காதில் வாங்குவதே இல்லை. அவர்களுக்கு ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்க்குலேட்டட் என்ற பழைய படிகள்தான். அமெரிக்க லேபிளில் எம்எஸ் 62 (எம்எஸ் என்றால் புழங்காத காசு) என்று வந்த பென்னியை அங்கே 'நல்ல எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்று திருப்பிக் கொடுப்பார்கள். இதில் நான் சந்தைக்காரர்கள் பக்கம். விக்டோரியாவின் காதுக்கு மேலே முடியிழைகள் மழுங்கியிருந்தால் அது புழங்கிய காசுதான். அதை எம்எஸ் என்று அழைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. விற்கும்போது மட்டும் நிலைமை தலைகீழ். ஆன்லைன் ஏலத்தில் அமெரிக்க லேபிளுக்கு வெளிநாட்டு வாங்குபவர் அதிகம்.

வெண்கலத்துக்கு நிறக் குறியீடும் உண்டு: ஆர்டி, ஆர்பி, பிஎன். அச்சிலிருந்து வந்த செந்நிறம் ஏறக்குறைய முழுசாக இருந்தால் ஆர்டி, கலந்திருந்தால் ஆர்பி, பழுப்பாகிவிட்டால் பிஎன். ஆர்டிக்குத் தரும் கூடுதல் விலை எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. ஸ்லாப்பின் இரு பாதிகளும் மீயொலி அலையால் ஒட்டப்பட்டாலும் அது காற்றே புகாத பெட்டி அல்ல. லேபிளில் உள்ள நிறம் அன்றைய நிறம். பிளாஸ்டிக்குக்குள் செம்பு மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். என் ஆர்பி பென்னி ஒன்றின் வலது ஓரத்தில் வாங்கியபோது இல்லாத ஒரு கரும்புள்ளி இப்போது இருக்கிறது. உள்ளே வந்த புள்ளியை உடைக்காமல் தொட முடியாது, உடைத்தால் லேபிள் போய்விடும். அதனால் ஸ்லாப்களையும் சிலிக்கா ஜெல் பையோடு, குளியலறைச் சுவரிலிருந்து தள்ளி, மூடிய பெட்டியில்தான் வைக்கிறேன். ரா காசுகளுக்கு மஹோகனி மரத் தட்டு. ஓக் மரம் ஆகாது. அதிலிருந்து வரும் அமிலக் காற்று உலோகத்தை அரிக்கும். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சைப் பசை ஏறிய காசு வந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும்.

ஸ்லாப்போடு தொடர்ந்து பழகினால் தெரியும் அன்றாடத் தொல்லைகளும் உண்டு. எடை போட முடியாது. சில வகை ஸ்லாப்களில் காசின் விளிம்பு சரியாகத் தெரியாது. அராவியிருந்தாலும் கண்ணில் படாது. பிளாஸ்டிக்கின் பளபளப்பு நுண்ணிய அடையாளங்களை மறைக்கும். 1897 பென்னியில் ONE என்பதன் ஓ-வுக்கும் என்-னுக்கும் நடுவில் புள்ளி விழுந்த அரிய வகை இருக்கிறது. ஸ்லாப் வழியாகப் பார்க்கும்போது அது அச்சில் வந்த மேடா, ஒட்டிய அழுக்கா, பிளாஸ்டிக்கில் விழுந்த கீறலா என்று முடிவு செய்யவே விளக்கை நான்கு கோணத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது. ரா காசாக இருந்தால் ஒரு தடவை சாய்த்தாலே தெரிந்துவிடும். போலி ஸ்லாப்களும் சந்தையில் இருப்பதால் லேபிள் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு காசின் கீறல்களையும் கறைகளையும் ஒப்பிட்ட பிறகே பணம் அனுப்புங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அசல் எண்ணையே நகலெடுத்துப் போடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதல் பணத்தை கிரேடிங் கட்டணத்தில் போடாமல், ஃப்ரீமன் பட்டியலுக்கும் நல்ல லூப்புக்கும் போட வேண்டும் என்பது என் விருப்பம். அடுத்து, தேய்ந்த 1861 பென்னிகளாகக் கொஞ்சம் வாங்கி மேசையில் பரப்பி அச்சு பிரித்துப் பழகுங்கள். அந்த வருடத்தில் இருக்கிற அளவுக்கு அச்சு ஜோடிகள் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது, சாதாரண ஜோடிகளின் விலையும் கைக்கு அடக்கம். இந்த வருடம் நான் கிரேடிங்குக்கு அனுப்பப் போவது ஒரு 1905 அரை கிரவுனை மட்டும். அச்சு வேறுபாட்டுப் பென்னிகள் மஹோகனித் தட்டிலும் காகித உறையிலுமே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் எழுதிய ஃப்ரீமன் எண்ணோடு.